தொரைக்குத் தெரியாது

அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டவை இரண்டே சொற்கள்: "தொரைக்குத் தெரியாது."

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரம் காற்றில் பறந்து, மூன்று மழை கடந்தும் புதுத் தகரம் வராவிட்டால், "தொரைக்குத் தெரியாது. தெரிஞ்சா இப்புடி விட்டிருப்பாரா?" என்பார். மருந்து கொடுக்கும் இடத்தில் தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரை என்றால் அதுவும் தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாலில் தண்ணீர் கூடினால் அது மாட்டுக்குத் தெரியலாம், துரைக்குத் தெரியாது. மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும் பெண்கள் அவரை விடமாட்டார்கள்.

"அப்ப ஒங்க தொரைக்கு என்னாதான் தெரியும்?"

"எல்லாம் தெரியும் புள்ள. இது மட்டுந்தான் தெரியாது."

கடவுள் நல்லவர் என்றால் உலகில் துன்பம் ஏன் என்று விசாரிக்கும் தடித்த புத்தகங்கள் சில என்னிடம் உண்டு. ஒன்றையும் நூறாம் பக்கம் தாண்டிப் படித்ததில்லை. அந்த ஆசிரியர்கள் எல்லாம் எங்கள் பீலிக்கரைக்கு ஒருமுறை வந்திருந்தால் காகிதம் மிச்சப்பட்டிருக்கும்.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டிய தோட்டம் அது. பெயர் வேண்டாம். நான் அங்கே ஆபீசில் கிளாக்கர். அவர் தபால் பை சுமப்பவர். எங்கள் மலையில் தபாலுக்குத் 'தப்பால்' என்று பெயர். அதனால் அவர் தப்பால்காரர். ஆபீசிலிருந்து துரையின் பங்களாவுக்கும், பங்களாவிலிருந்து ஆபீசுக்கும், ஒரு நாளைக்கு இரண்டு நடை. துரை மழை நாளில் ஆபீசுக்கு வரமாட்டார். எங்கள் பக்கத்தில் மழை நாள் என்றால் ஏறக்குறைய எல்லா நாளும்தான்.

இந்தக் காலத்தில் தபால் பை எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்த அந்தத் துரையின் கையில் எப்போதும் இரண்டு போன் இருக்கும். ஆனால் தோட்டத்துச் சங்கதி எதையும் போனில் அனுப்பக் கூடாது என்று கட்டளை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படித்தாயிற்று என்று நீலக் குறி காட்டிக்கொடுத்துவிடும். காகிதம் யாரையும் காட்டிக்கொடுக்காது. இதைத் துரை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். துரைமார் சிரித்தால் சேர்ந்து சிரிப்பது என் வேலையின் எழுதப்படாத பகுதி. அதை நான் எழுதப்பட்ட பகுதியைவிட நன்றாகச் செய்தேன்.

தப்பால்காரருக்கு ஒரு புத்தகம் உண்டு. போகும் ஒவ்வொரு கடிதத்தையும் நான் அதில் பதிய வேண்டும். பெற்றுக்கொண்டவர் எதிரே கையெழுத்திட வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதைய துரை காலைச் சாப்பாட்டில் இருந்தபோது புத்தகத்தை நீட்டிவிட்டாராம். துரை கத்தியையும் முள்ளையும் கீழே வைத்து, விரலைத் துடைத்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார். திட்டவில்லை. ஆனால் அந்த விரல் துடைத்த காட்சி இவரை வாட்டிவிட்டது.

"நம்மளால ஒரு மனுசன் சாப்பாட்ட வெச்சிட்டு எந்திரிக்கிறதாங்க?"

அன்றிலிருந்து துரையின் கையெழுத்துக் கட்டத்தில் அவரே போட்டுக்கொண்டார். பங்களாவில் சமையல் நடக்கும் குசினி வாசலில் செருப்பைக் கழற்றி, நிலையில் புத்தகத்தைச் சாய்த்து, தன் பெயரின் முதல் எழுத்தைச் சுழித்து ஒரு கோடு. முப்பது வருடமாக, ஏழு துரைமாருக்கும், அதே சுழி. நான் வேலைக்கு வந்த முதல் வாரமே இதைக் கவனித்தேன். திருத்தியிருக்க வேண்டும். திருத்தினால் நான் துரையிடம் போய் "ஐயா, கையெழுத்து" என்று நிற்க வேண்டியிருக்கும். சுழி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு துரைமார் என்றேன். ஒருவர் மாற்றலாகிப் போகும் நாளில் காலை பத்து மணிக்குத் தப்பால்காரர் ஜீப்பின் பின்னால் வளைவு வரை ஓடி அழுவார். மாலை நான்கு மணிக்குப் புதியவர் கழுத்தில் விழும் மாலையில் நாரை முடிந்தவர் அவராகவே இருப்பார். இரண்டும் பொய்யில்லை. ஆள் மாறினாலும் 'நம்ம தொரை' மாறமாட்டார். ஒரே நாளில் இரண்டு துரைமாரை மனதார நேசிக்க எனக்கு வராது. எனக்கு ஒருவரைக் கண்டு பயப்படவே முழு நாளும் தேவைப்பட்டது.

ஒருமுறை பங்களா நாய் அவரைக் கெண்டைக்காலில் கடித்தது. கம்பி கிழித்தது என்று மருந்து போடும் இடத்தில் பொய் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே பையோடு ஆபீசுக்கு வந்தார். பல் பட்ட இடம் நான்கும் தெளிவாகத் தெரிந்தது.

"கம்பிக்கு நாலு பல்லா அண்ணே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மழைக் கோட்டு போட்டிருந்தேனுங்க கிளாக்கரையா. அதுக்கு ஆளு தெரியல. தெரிஞ்சா கடிச்சிருக்குமா?"

நாய்க்கும் தெரியாது. அன்று வீட்டில் இதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டது அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துப் போனதால்தான். அந்த அம்மாள் அப்போதெல்லாம் அவரோடு பேசுவார். சண்டையாகத்தான் பேசுவார், ஆனாலும் பேசுவார்.

இனி குளவிக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். நாயைச் சொல்லி நேரம் கடத்திவிட்டேன்.

ஏழாம் நம்பர் மலையில் ஒரு வாகை மரம். அதில் பெரிய கூடு. கொழுந்து எடுக்கும் பெண்களில் ஒருத்திதான் அதை முதலில் கண்டவள்: தப்பால்காரரின் கொழுந்தியா, அவர் மனைவியின் ஒரே தங்கை. லயத்தில் அவர்களுக்கு அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், குடியிருந்தவள். அவள் கங்காணியிடம் சொன்னாள். கங்காணி ஆபீசுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"பொம்பளைங்க பயப்புடுறாங்கய்யா. கூட்ட எடுக்குற வரைக்கும் மலைய நிப்பாட்டினா நல்லது."

ஒரு மலையில் வேலையை நிறுத்தத் துரை சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன். நல்ல ஆங்கிலம், அது பற்றிக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. புத்தகத்தில் பதிந்து அவரிடம் கொடுத்தேன். அது காலை. பிற்பகல் அதே கடிதம் பையில் திரும்பி வந்தது. அடியில் துரை பென்சிலில் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார்: இந்த ரவுண்டு முடியட்டும்.

ரவுண்டு என்றால், ஒரு மலையில் கொழுந்து எடுக்கத் தொடங்கி முழுவதும் எடுத்து முடிப்பது. இன்னும் நான்கைந்து நாள் வேலை இருந்தது. கடிதத்தைக் கோப்பில் போட்டேன். மாலையில் கங்காணி ஜன்னலில் தலையை நீட்டினார்.

"என்னாங்கய்யா சொன்னாரு தொரை?"

"பாத்துக்கிட்டிருக்காரு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? துரை எழுதியதை அப்படியே சொன்னால் பெண்கள் மலையில் இறங்கமாட்டார்கள். இறங்காவிட்டால் யார் சொன்னது என்று கேள்வி வரும். இந்தக் கணக்கெல்லாம் போட எனக்கு ஒரு நொடி ஆனது. இவ்வளவு வேகமாக வேறெந்த வேலையும் நான் செய்ததில்லை.

மூன்றாம் நாள் காற்று எழும்பிக் கூடு கலைந்தது. பலருக்குக் கொட்டியது. பெண்கள் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு செடிக்கடியில் படுத்தார்கள். தப்பால்காரரின் கொழுந்தியா படுக்கவில்லை. பக்கத்தில் மயங்கிக் கிடந்த ஒரு கிழவியை இழுக்கப் போனாள். கிழவி பிழைத்தாள். இவள் லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தாள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் அதே லொறி. கொழுந்தை இறக்கிவிட்டு வரக் கொஞ்சம் தாமதமானது.

ஆட்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஆபீஸ் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் துரை. இந்தப் பக்கம் கங்காணி, சங்கத்தின் தோட்டத் தலைவர், இறந்தவளின் கணவன். வாசற்படியில் தப்பால்காரரின் மனைவி. நான் அலமாரிக்கு முன்னால் நின்றேன். அந்தக் கோப்பு அலமாரியில் இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

கங்காணி, ஆபீசில் சொன்னேன் என்றார். நான், கடிதம் எழுதி அனுப்பினேன் என்றேன். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அப்படியொரு கடிதம் வந்ததாக ஞாபகம் இல்லை என்றார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். நான் என் நகங்களைப் பார்த்தேன். வெட்ட வேண்டிய அளவு வளர்ந்திருந்தன.

தப்பால்காரரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்டார். தலைவர் தமிழில் திருப்பினார்.

"கடுதாசியக் கொண்டுபோயி தொரைக்கிட்ட குடுத்தீங்களா, இல்லியா? பயப்புடாமச் சொல்லுங்கண்ணே. செத்தது ஒங்க வீட்டுப் புள்ள."

அவர் துரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசற்படியை மட்டும் பார்க்கவில்லை.

"மறந்துட்டேனுங்க. பையிலயே கெடந்துபோச்சு. தொரைக்குத் தெரியாது."

"புத்தகத்துல கையெழுத்து இருக்கே?"

"அது எங் கையெழுத்துங்க. எப்பவும் நாந்தான் போடுறது."

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். பக்கம் பக்கமாக அதே சுழி. ஏழு துரைமாரில் எவரும் எந்தக் கடிதத்தையும் பெற்றதற்கு அந்தத் தோட்டத்தில் சாட்சியே இல்லை. அலமாரியின் தகரம் என் முதுகில் குளிர்ந்தது. ஓர் அடி விலகி, சாவியைப் போட்டுத் திருப்பினால் போதும். நான் விலகவில்லை.

துரை பெருந்தன்மையாக நடந்துகொண்டார். வயதானவர், மறதிதான், தண்டனை வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் தப்பால் பையை வேறொருவருக்குக் கொடுத்து, இவரைப் புல்லு வெட்ட அனுப்பினார்கள். அறுபதை நெருங்கும் மனிதர் கத்தியோடு தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் குனிந்து நின்றதைப் பார்த்து, "இப்படிச் செஞ்சிட்டாங்களே அண்ணே" என்றேன். செய்தவர்களில் நான் இல்லாதது போல.

"கொழும்புல இருந்து உத்தரவு வந்திருக்கும்யா. நம்ம தொரைக்குத் தெரியாது."

கொழுந்தியாவைக் கொன்றது அவருடைய மறதி என்று லயம் முழுக்கப் பேசியது. துக்க வீடுகளில் அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மனைவி சோறு போட்டார், துணி துவைத்தார், பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சுவருக்குச் சொன்னார்.

சில மாதங்களில் துரைக்குக் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் பெரிய இடம் கிடைத்தது. எனக்கும் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தலைமைக் கிளாக்கராகப் பதவி உயர்வு வந்தது. என் திறமைக்குக் கிடைத்தது என்று என் மனைவி இன்றும் நம்புகிறாள். கிளம்பும்போது அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டேன். என் சேவைக் காலத்தில் நான் திருடிய ஒரே ஆபீஸ் சொத்து. யாரும் திறக்காத புத்தகத்தில் ஒளித்து வைக்கலாமென்று பார்த்தால், என் வீட்டில் எல்லாப் புத்தகங்களும் அதற்குத் தகுதியாக இருந்தன. கடவுளும் துன்பமும் பற்றிய ஒன்றில், நூறாம் பக்கத்துக்குப் பிறகு வைத்தேன்.

ஐந்து வருடம் கழித்து, அவருக்கு நுரையீரலில் நோய், அதிக நாள் தாங்காது என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு பகல் நேரம். காம்பராச் சுவரில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் கண்ணாடி போட்ட ஒரு படம்: பங்களா முற்றத்தில் துரையும் ஆபீஸ்காரர்களும். இரண்டாம் வரிசை ஓரத்தில் நான், பல் தெரிய. தப்பால்காரர் படத்தில் இல்லை. அன்று நாயைப் பிடித்துக்கொண்டு படமெடுப்பவருக்குப் பின்னால் நின்றார். தான் இல்லாத படத்தைத்தான் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

"வந்தவங்களுக்குத் தேத்தண்ணி ஆறுதாம்" என்று மனைவி நிலைக்கதவிடம் சொன்னார்.

தப்பால்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேங்க கிளாக்கரையா. ஒங்க மேல கோவமில்ல. அன்னிக்கு அந்தக் கடுதாசியில தொரை என்னா எழுதியிருந்தாரு?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "பையில கெடந்துச்சுன்னீங்களே அண்ணே."

"அது சும்மா சொன்னது. எங் கையிலதான் வாங்குனாரு. குசினி வாசலுக்கே வந்து, நின்ன நெலையில பென்சில்ல எழுதி, எங் கையிலயே குடுத்தாரு. மலைய நிப்பாட்டச் சொல்லித்தானே எழுதியிருப்பாரு? நீங்கதான் வேலைப்பளுவுல மறந்துட்டீங்க. விசாரணையில தொரை ஞாபகம் இல்லன்னப்பவே எனக்கு வெளங்கிருச்சு, ஒங்களக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னுதான் அப்புடிச் சொல்றாருன்னு. அவரே அவ்வளவு செய்யும்போது நான் மாத்திச் சொல்லலாமா? ஒங்களுக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

ஐந்து வருடமாக அவர் என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் செய்யாத குற்றத்துக்காக. செய்த குற்றம் அவருக்குத் தெரியவே தெரியாது.

மனைவி அடுப்படியில் அசையாமல் நின்றார். தப்பால்காரரின் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அவ்வளவு நோயிலும் அவற்றில் ஓர் ஆவல், பரீட்சை முடிவைக் கேட்பவனுடையது போல.

"ஆமாண்ணே. ஒடனே நிப்பாட்டுன்னுதான் எழுதியிருந்தாரு. நாந்தான் மறந்துட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. "கேட்டியா புள்ள?" என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னார். "நான் சொன்னேன்ல, நம்ம தொரைன்னு."

மனைவி சுவரிடம்கூட எதுவும் சொல்லவில்லை.

நான் விடைபெற்று இறங்கும்போது அந்த அம்மாள் குடத்தோடு பீலிவரை பின்னாலேயே வந்தார். குடத்தைப் பீலியில் வைத்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினார்.

"மறந்துட்டேன்னீங்களே ஐயா. கங்காணி கேட்டப்ப 'பாத்துக்கிட்டிருக்காரு'ன்னு சொல்லியிருக்கீங்க. மறந்தவரு எப்புடி அப்புடிச் சொல்லுவாரு?"

நான் குடத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தேன்.

"முப்பது வருசத்துல ஒரு கடுதாசிய மறந்ததில்ல இந்த மனுசன். அது எனக்குத் தெரியாதா? மறந்திருந்தா மன்னிச்சிருப்பேன். என் தங்கச்சி செத்து எட்டு நாளுகூட ஆகல, அவ பேருல பொய் சொன்னாரே, அதத்தான் முடியல." குடம் நிறைந்து வழிந்தது, அவர் எடுக்கவில்லை. "அந்தக் கடுதாசி இருக்கா?"

"இருக்கு."

"அவரு இருக்குற வரைக்கும் வெச்சுக்கிருங்க. அவரு நம்புற அந்தத் தொரை அவரோட போகட்டும். அப்பறமாக் கொண்டாங்க. மறந்துடாதீங்க."

இரண்டு மாதத்தில் தப்பால்காரர் போய்விட்டார். கருமாதி அன்று கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நான் இன்னும் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். ஸ்டேஷனிலிருந்து நடந்த ஒன்றரை மணி நேரமும், மழையில் நனைந்து எழுத்து அழிந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பென்சில் எழுத்து நனைந்தால் அழியாது என்பது ஆபீஸ்காரனான எனக்குத் தெரியும். வானமும் அன்று வெறிச்சென்றிருந்தது.

கங்காணி இருந்தார். தோட்டத் தலைவர் இருந்தார். கொழுந்தியாவின் கணவன் சுவரோரம் குந்தியிருந்தான். சாப்பாடு முடிந்து எல்லோரும் கை கழுவி வந்ததும் அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்:

"சத்தமாப் படிங்கய்யா. எல்லாருக்கும் கேக்கணும்."

முதலில் என் நான்கு வரி ஆங்கிலத்தைப் படித்து, தமிழில் சொன்னேன். பிறகு திகதியைச் சொன்னேன். பிறகு பென்சிலில் இருந்ததைச் சொன்னேன்: "இந்த ரவுண்டு முடியட்டும்." இது அன்றைக்கே திரும்பி வந்தது, கோப்பில் இருந்தது, சாவி என்னிடம் இருந்தது என்பதையும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கேட்டது.

யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கங்காணி மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கொழுந்தியாவின் கணவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமாக இல்லை, விவரம் கேட்பது போலத்தான் கேட்டான்.

"அந்த ரவுண்டு முடிஞ்சிச்சாங்க ஐயா?"

"முடிஞ்சிச்சு" என்றேன். அடுத்த வாரமே கூட்டைக் கொளுத்திவிட்டு, மிச்சக் கொழுந்தை வேறு ஆட்களை வைத்து எடுத்தார்கள். அதைக் கணக்கில் பதிந்தவன் நான்.

அம்மாள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, இரண்டாக மடித்தார். சுவரிலிருந்த படத்தைக் கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. கணவர் மாட்டிய படத்தை அவர் மாட்டியபடியே விட்டு, பென்சில் எழுத்து வெளியே தெரியும்படி கடிதத்தைச் சட்டத்தின் இடுக்கில் கண்ணாடிமேல் செருகினார்.

அது துரையின் முகத்தைச் சரியாக மறைத்தது. இரண்டாம் வரிசை ஓரம்வரை எட்டவில்லை. அங்கே நான் இன்னும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.